குண்டிக்காய்னா வாயத் தொறந்து கேக்கணும்

இல்ல மேடம், யாரும் மிரட்டல. ஆஸ்பத்திரி கமிட்டில இப்படியெல்லாம் கேப்பீங்கன்னு டாக்டர் சொல்லித்தான் அனுப்பினாரு. என் நாத்தனாருக்கு என் குண்டிக்காய்ல ஒண்ண நானாத்தான் குடுக்கறேன். ஏன் பேனாவ நிறுத்திட்டீங்க? ஓ, அந்த வார்த்தையா? அட, கிட்னிதான் மேடம். கறிக்கடைக்காரி நான், என் வாய்ல அப்படித்தான் வரும்.

அவளும் இப்படித்தான் மூஞ்சியச் சுளிப்பா. டீச்சரம்மாவாச்சே! அண்ணி, அசிங்கமாப் பேசாதீங்க, சிறுநீரகம்னு சொல்லுங்கம்பா. அப்படின்னா என்னடின்னு கேட்டேன். அகம்னா வீடாம். அடிப்பாவி, மூத்திர வீடுன்னு நீ சொல்லிட்டு என்னையப் போயி அசிங்கம்ங்கறியே!

எப்படி வந்துச்சா அந்தப் பேரு? எனக்கென்ன தெரியும். குண்டா உருண்டையா, பிஞ்சுக் காய் மாதிரி இருக்குன்னு எவனாவது வச்சிருப்பான். உக்கார்ற எடத்துல காய்ச்சதுன்னு நெனச்சுக்கிட்டு கடைக்கு வர்ற புதுப் பொண்ணுங்க வேண்டாம்ங்குங்க. அது இருக்கறது முதுகுப் பக்கம் மேடம், கொழுப்புக்குள்ள பொதிஞ்சு. என்னோடது நல்லா இருக்குன்னு டாக்டர் சொன்னதுல ஆச்சரியமே இல்ல. என் கொழுப்பு ஊருக்கே தெரியும்.

எங்களுக்குள்ள ஏழாம் பொருத்தம். கறி நாத்தம்னு கடைப் படியக் கூட மிதிக்க மாட்டா. அவளுக்கு ரெண்டும் கெட்டுப்போச்சுன்னதும் வீட்ல எல்லாருக்கும் ரத்தம் எடுத்தாங்க. அவ அண்ணன், அதான் என் வீட்டுக்காரரு, சக்கரைக்காரரு, ஆகாதுன்னுட்டாங்க. பொருந்தினது என்னோடதுதான். மொத்தக் குடும்பமும் என் மூஞ்சியவே பாத்துச்சு. நான் வாயத் தொறக்கல. அவளும் கேக்கல.

எங்க கடைல ஒரு வழக்கம் மேடம். ஈரல், தொடையெல்லாம் கொக்கில தொங்கும். குண்டிக்காய் தொங்காது. ஒரு ஆட்டுக்கு ரெண்டுதான? உள்ள எடுத்து வச்சிருவோம். வரிசைல நின்னு, வாயத் தொறந்து, பேரச் சொல்லிக் கேக்கறவங்களுக்குத்தான். சொந்தக்காரங்களா இருந்தாலும் சரி.

போன மாசம் ஒரு நாள் கடைல நல்ல கூட்டம். வரிசைல ஒருத்தி, மூஞ்சி ஊதி, காலெல்லாம் வீங்கி, செவுத்தப் பிடிச்சுக்கிட்டு நிக்கறா. பாத்தா இவ! முன்னாடி வாடின்னேன். வரலயே, அழுத்தக்காரி. தன் மொற வர்ற வரைக்கும் நின்னா. அப்புறம் அத்தன பேருக்கு முன்னாடி, அந்த டீச்சர் வாயால, அண்ணி, எனக்கு ஒரு குண்டிக்காய் குடுங்கன்னா.

எனக்கும் ஒண்ணுன்னான் பின்னாடி நின்ன ஆளு. போய்யா, குடுக்க இருக்கறது ஒண்ணுதான், அது இவளுக்குன்னுட்டேன்.

கத்தியக் கீழ வச்சுட்டு ஓன்னு அழுதேன் மேடம். அவளும்தான். வந்தவங்களுக்கு ஒண்ணும் புரியல.

கையெழுத்து எங்க போடணும்? இங்கயா? நீங்க அந்த எடத்துல சிறுநீரகம்னே எழுதிக்கோங்க. அவளுக்கு அதான் பிடிக்கும்.