சேவுகன் கல்

ரோடு வராத காலம். ரயில் என்ற சொல்லே காதில் விழாத காலம். வானம் பார்த்த சீமையில் நரியனேந்தல் என்று ஓர் ஊர் இருந்தது. இப்போதும் இருக்கிறது. அந்த ஊருக்கு ஆடுதான் சோறு. தையில் அறுப்பு முடிந்ததும் ஆண்கள் ஆட்டை ஓட்டிக்கொண்டு சோழநாட்டு வயல்களுக்குப் போவார்களாம். அறுத்த வயலில் இரவெல்லாம் ஆட்டை அடைத்து உரம் போடுவார்கள். அதற்குக் கிடை என்று பேர். ஆடி பிறந்தால் ஊர் திரும்புவார்கள்.

திரும்பும் நாளுக்கு ஒரு முறை இருந்தது. பெண்கள் ஆட்டுப் பட்டி வாசலில் மஞ்சத்தண்ணியோடு நிற்பார்கள். முதலில் மந்தைக்கு முன்னால் நடக்கும் முன்கிடாய்க்குத் தெளிப்பார்கள். பிறகு ஒவ்வோர் ஆடாக முதுகைத் தொட்டுத் தொட்டு உள்ளே விடுவார்கள். சினை எது, நொண்டி எது, எல்லாம் கைக்குத் தெரியும். ஆளை யாரும் பார்ப்பதில்லை. ஆள் தானாக ஊருணியில் கால் கழுவி, தானாக வீட்டுக்குள் நுழைந்து, தானாகப் பானையைத் திறந்து குடிக்க வேண்டும். ஆடு வந்தால் ஆள் வந்த மாதிரிதானே. அப்படித்தான் நினைத்தார்கள்.

இன்னொரு முறையும் உண்டு. பெண்டாட்டி புருசன் பேரை வாயால் சொல்லக்கூடாது. வீடு பற்றி எரிந்தாலும் "இந்தாய்யா"தான்.

அந்த ஊரில் இருளாயி என்று ஒருத்தி. அவள் புருசன் சேவுகன். ஓர் ஆடியில் எல்லார் ஆடும் வந்துவிட்டது, சேவுகன் ஆடு வரவில்லை. இருளாயி தினமும் மஞ்சள் கரைத்தாள், தினமும் கொட்டினாள். அவனை நினைக்காத பொழுதில்லையாம். நினைத்ததைச் சொல்ல அந்த ஊரில் வழக்கமில்லை. ஆட்டைத்தான் கேட்பாள். "எங்க ஆடு எந்தப் பக்கம் வருது?"

ஒருநாள் பொழுது சாயும் நேரம். வடக்கே புழுதி இல்லை, மணிச் சத்தம் இல்லை. அவர்கள் வீட்டு நாய் மட்டும் எழுந்து ஓடியது. வாலை ஆட்டியது, காலைச் சுற்றியது, மேலே தாவியது. அன்றைக்கு அவனை வாவென்று கூப்பிட்டது அந்த நாய் ஒன்றுதான் என்பார்கள்.

சேவுகன் பட்டி வாசலில் வந்து நின்றான். தலைத்துண்டை அவிழ்த்து நீட்டினான். உள்ளே முன்கிடாயின் கழுத்து மணி. வழியில் ஒலிக்கக்கூடாதென்று துணியால் இறுக்கிச் சுற்றியிருந்தான்.

இருளாயி அவன் முதுகுக்குப் பின்னால் பார்த்தாள். வெறும் பாதை.

"ஆடெங்கய்யா?"

அவன் மணியை இன்னும் கொஞ்சம் நீட்டினான்.

"உன்னத்தான் கேக்குறேன். ஆடெங்க?"

"வெக்கை நோய் வந்துருச்சு. ஒண்ணுகூடத் தங்கல. எல்லாத்தையும் நாந்தான் குழி வெட்டி மூடுனேன்."

"செவலையுமா? அது நெறசினையால்ல இருந்துச்சு?"

அவன் தலையசைத்தான். இருளாயி தரையில் உட்கார்ந்து மண்ணை அறைந்து அழுதாள். ஆட்டுக்காக அழுதாள். மகள் பூமயில் "அப்பா" என்று ஓடப் பார்த்தாள். "சும்மா இருடி, பட்டியே போச்சு" என்று இருளாயி அவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டாள்.

பக்கத்துப் பட்டி மூக்கம்மாள் சும்மா இருப்பாளா?

"ஆட்டத் தொலைச்சுட்டு ஆளு மட்டும் வந்துருக்கு. இத வச்சுப் பாலா கறக்க முடியும்?"

இரண்டு பேர் சிரித்தார்களாம்.

சேவுகன் மணியைக் கீழே வைத்துவிட்டுத் திரும்பி நடந்தான். நாய் பின்னால் போயிற்று. அவன் உடம்பு அனலாய்க் கொதித்தது யாருக்கும் தெரியாது. தொட்டால்தானே தெரியும்? தொடுவதற்கு அன்று ஆடு இல்லை. ஆளைத் தொடும் வழக்கம் இல்லை.

கால் கழுவ ஊருணிக்குப் போகிறான் என்றுதான் இருளாயி நினைத்தாள். உலை வைத்தாள், வடித்தாள். அவன் வரவில்லை. இருட்டிவிட்டது. பட்டி ஓரத்தில் போய் நின்று ஊருணிப் பக்கம் பார்த்து "இந்தாய்யா" என்றாள். மெல்லத்தான் சொன்னாள். புருசனைக் கத்திக் கூப்பிட்டால் ஊர் சிரிக்கும். மறுபடி "இந்தாய்யா" என்றாள். அவன் பேர் தொண்டை வரைக்கும் வந்ததாம், விழுங்கிவிட்டாளாம். கோபம் தணிந்தால் வருவான் என்று உள்ளே போனாள்.

விடிந்தபோது ஊர் எல்லைக் கல்லில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். உடம்பு விறைத்திருந்தது. நாய் காலடியில் படுத்திருந்தது. கூப்பிட்டால் கேட்கிற தூரம்தான். ஊருக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தான் என்று சிலர் சொல்வார்கள். இருளாயி பார்த்தவள். அவன் ஊரைப் பார்த்துத்தான் உட்கார்ந்திருந்தான்.

தூக்கிக்கொண்டு வந்தார்கள். இருளாயி செம்பில் தண்ணீரோடு வாசலில் நின்றாள்.

"சேவுகா, வந்துட்டியாய்யா. உள்ள வா, சேவுகா."

பெண்கள் பாய்ந்து வாயைப் பொத்தினார்கள். கையைத் தட்டிவிட்டு மறுபடி சொன்னாள். அவனை எடுத்துக்கொண்டு போகும் வரைக்கும் சொன்னாள்.

அடுத்த ஆடி வந்தது. ஆடுகள் வந்தன. இருளாயி எல்லைக் கல்லுக்குப் போய் ஆட்டை மறித்தாள். "ஆடு நிக்கட்டும். பெரியாண்டி, வந்துட்டியா? இந்தா, குடி" என்று செம்பை நீட்டினாள். பெரியாண்டி மிரண்டுபோனான். அவன் பெண்டாட்டிதான் மூக்கம்மாள். ஓடி வந்தாள்.

"எம் புருசன் பேர நீ எதுக்குடி சொல்ற?"

"நீ சொல்லு. நான் விட்டுர்றேன்."

மூக்கம்மாள் நின்றாளாம். நின்றுகொண்டே இருந்தாளாம். பிறகு, காற்றுக்குச் சொல்வது மாதிரி, "பெரியாண்டி" என்றாள். செம்பை வாங்கியவன் குடிக்கவில்லை. குழந்தை மாதிரி விசும்பினான்.

இருளாயிக்கு அதில் ஆறுதல் கிடைத்தது என்று யாரும் சொல்வதில்லை. சாகும் வரைக்கும் மஞ்சள் கரைக்கவில்லை, ஆடு வளர்க்கவில்லை. பொழுது சாய்ந்தால் அந்தக் கல்லண்டை போய் அவன் பேரைச் சொல்லிவிட்டு வருவாளாம்.

அதனால்தான் அந்தக் கல்லுக்குச் சேவுகன் கல் என்று பேர். இன்றைக்கும் நரியனேந்தலில் ஆடு முதலில் ஊருக்குள் வராது, கல்லண்டை நிற்கும். பெண்டாட்டி தண்ணீரோடு போய்ப் புருசன் பேரைச் சொல்லிக் கூப்பிட்டு, கையைப் பிடித்துப் பார்ப்பாள். பிறகுதான் ஆடு. புருசனைப் பேர் சொல்கிற ஊர் என்று அக்கம்பக்கத்தில் கேலி உண்டு.

எல்லாரும் குடித்த பிறகு கடைசிச் செம்பைக் கல்லில் ஊற்றி, "சேவுகா, வந்துட்டியா" என்று கேட்பார்கள். கொஞ்ச நேரம் காத்து நிற்பார்கள். பிறகு ஆட்டை உள்ளே விடுவார்கள்.