ஐஸில் வைத்த பதினொரு போத்தல்கள்

வெடி. ஒன்று. மூச்சுவிடும் நேரம் அமைதி. பிறகு இரண்டு, ஒன்றன்மேல் ஒன்றாக. கடற்பக்கமிருந்து அல்ல. கடைத்தெருப் பக்கமிருந்து.

ஓடுகிறோம். இரத்தப் போத்தல்கள் அடுக்கிய ஐஸ் பெட்டியின் ஒரு பிடி என் கையில். மறுபிடி ஹனீபா நானாவின் கையில். அவர் கிண்ணியாக்காரர், நகரில் மீனும் ஐஸும் விற்பவர். எங்கள் பின்னால் இரத்த வங்கி அறையின் யன்னல்கள் உடைகின்றன. காவலாளி கத்துகிறார்: "குனியுங்கோ! குனிஞ்சு ஓடுங்கோ!"

முற்றத்தைக் கடந்து சத்திரசிகிச்சைக் கூடத்துக்குள் நுழைந்தோம். பெட்டியை இறக்கினோம். உள்ளே கண்ணாடி நொறுங்கிய சத்தம் இல்லை. பிழைத்தோம் என்று எண்ணினேன். ஆடி மாதத்துத் திங்கட்கிழமை. காலை பத்தரை மணி.

அந்தப் பதினொரு போத்தலும் இலகுவில் சேர்ந்தவை அல்ல. முன்பெல்லாம் ஒருவர் குருதி வடியக் கிடக்கும்போதுதான் உறவினரைத் தேடுவோம். ஆஸ்பத்திரியில் பொறுப்புத் தாதியாக இருந்த நான் ஓர் அறையும் ஒரு குளிர்சாதனப் பெட்டியும் கேட்டு வாங்கினேன். ஒவ்வொரு இரத்த வகைக்கும் ஒரு நிற அட்டை. இரத்தம் இருபத்தொரு நாள், மூன்று கிழமைதான் கெடாமல் நிற்கும். ஆகவே யார் எந்தக் கிழமை வருவது என்று முறை வகுத்தேன். ஓர்ஸ் ஹில் அரசாங்க அலுவலகங்களின் கந்தோர்காரர் வந்தார்கள். துறைமுகத்துச் சிங்களத் தொழிலாளர் வந்தார்கள். மீனவர்கள் தயங்கினார்கள், கடலில் கை சோர்ந்துவிடும் என்ற பயம். அவர்களுக்கு முன்னால் முதலில் கட்டிலேறியவர் ஹனீபா நானா.

"மிஸி, என்ட ரத்தத்துல மீன் வாடை அடிச்சா ஐயர்மார் கோவிப்பாங்க, பாத்துக் குடுங்க."

அன்று காலை ஒன்பது இருபதுக்கு மின்சாரம் நின்றது. கலவரத்தால் ஊரடங்கு. இரத்தம் தர ஒருவரும் வர ஏலாது. நானா ஒடுங்கிய குச்சொழுங்கைகளால் கைவண்டி தள்ளி, தன் மீன்பெட்டியில் ஐஸ் கொண்டுவந்தார். யாரும் அவரைக் கேட்கவில்லை. போத்தல்களைத் தன் கையாலேயே அதற்குள் அடுக்கினார். ஐஸின் மேல் உப்பை அள்ளித் தூவினார்.

"உப்புப் போடாட்டி பின்னேரத்துக்குள்ள கரைஞ்சிரும் மிஸி. கொழும்புக்குப் போற இறாலுக்கும் இப்படித்தான் போடுற."

சேமித்த இரத்தம் குளிரில் பனிக்கட்டியாய் உறையக்கூடாது என்பதைப் பயிற்சிப் புத்தகத்தில் அடிக்கோடிட்டுப் படித்தவள் நான். உப்பு ஐஸின் குளிரைக் கூட்டும் என்பதும் பள்ளிக்கூடப் பாடமே. இரண்டும் என் தலையில் தனித்தனியே கிடந்தன. வாசலில் கூச்சல் ஏறிக்கொண்டிருந்தது. கெதியாகப் போடுங்கோ என்றேன்.

பகல் ஒன்று நாற்பது. கதவுப் பலகையில் ஒரு பெண்ணைத் தூக்கி வருகிறார்கள். தொடையில் ஆழமான வெட்டு. தவமணி, தொலைபேசி நிலையத்துப் பெண். இரத்தம் தருவோரை அழைக்க நான் கேட்ட இணைப்பையெல்லாம் தந்த குரல். முகத்தை அன்றுதான் பார்க்கிறேன்.

பெட்டியைத் திறந்தேன். போத்தலின் ஓரங்களில் ஊசி ஊசியாகப் பனி. மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்கவேண்டிய நீர் சிவந்திருந்தது. அடுத்தது. அதற்கடுத்தது. பதினொன்றும். உறைந்து, அணுக்கள் உடைந்த இரத்தம். ஏற்றினால் கொல்லும். வைத்தியர் ஒன்றை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். கீழே வைத்தார்.

ஹனீபா நானா சட்டைக் கையை மடித்தார். அவருடைய வகை அவளுக்குப் பொருந்தியது. ஒரு போத்தல் எடுத்தோம். அவளுக்குக் குறைந்தது நான்கு வேண்டும். பிற்பகல் மூன்று ஐந்துக்கு அவள் நாடி நின்றது.

போத்தல்களுக்கு என்ன நடந்தது என்று நானா கேட்டார். பஞ்சை அழுத்திப் பிடித்தபடி என்னையே பார்த்திருந்தார்.

"கரண்ட் நிண்டதால பழுதாப் போயிற்று, நானா."

நம்பினார். மௌத்தாகி மண்ணுக்குள் போகும்வரை மின்சாரக்காரரைத் திட்டிக்கொண்டிருந்தார். உண்மையை இன்றுதான் எழுதுகிறேன். பிழை அவருடையதல்ல. அறிந்திருந்தவள் நான்.

இழந்தவை இவை. பதினொரு போத்தல். ஐந்து கிண்ணியா மீனவர் தந்தவை. நான்கு கந்தோர்காரர் தந்தவை. இரண்டு துறைமுகத் தொழிலாளர் தந்தவை. பன்னிரண்டாவது நானா தந்தது; அதில் பாதி அவளுக்குள் போயிருந்தது. மீதி போத்தலிலும் குழாயிலும் நின்றுவிட்டது.

தவமணி. வயது இருபத்தாறு.