கையுறையைக் கழற்றிக் காட்டிய கைகளுக்கு

சொல்லில் சுருக்கமும் செயலில் செம்மையும் சினத்தில் சிக்கனமும் கொண்டவரே! முப்பத்து நான்கு ஆண்டுகள் இம்மருத்துவமனையின் அறுவை அரங்கை ஆண்டவரே! கத்தியோ கத்தரியோ பஞ்சோ நூலோ, எதையும் இருமுறை எண்ணி, மூன்றாம் முறை எங்களை எண்ணவைத்தவரே! எங்கள் தலைமைச் செவிலியரே, அன்பு அக்கா!

இன்று பணி நிறைவு பெறும் தங்களுக்கு, அறுவை அரங்கின் செவிலியரும் மருத்துவரும் உதவியாளரும் பண்டகக் காப்பாளரும் ஒன்றுகூடி வாசித்தளிக்கும் மடல் இது. இத்தகைய மடல்களில் நிலவையும் கடலையும் துணைக்கு அழைப்பது வழக்கம். தங்களுக்கு அது பிடிக்காது என்பதால் இரண்டையும் அரங்குக்கு வெளியே நிறுத்தியிருக்கிறோம். 'தாங்கள்' என்பதும் இம்மடலைக் கண்ணாடிச் சட்டத்துக்குள் மாட்டும்போது அழகாகத்தான் இருக்கும். ஆனால் எங்கள் வாய்க்கு 'நீங்கள்'தான் வருகிறது, பொறுத்தருள வேண்டும்.

காலை ஏழு மணிக்கு அரங்கின் நகரும் கதவு கிரீச்சிடும்போதே நீங்கள் வந்துவிட்டீர்கள் என்று எங்களுக்குத் தெரியும். ஒரு பஞ்சுத் துண்டு கணக்கில் குறைந்ததற்காகத் தலைமை அறுவை மருத்துவரையே தையல் போட விடாமல் இருபது நிமிடம் நிற்கவைத்தவர் நீங்கள். கடைசியில் அது அவருடைய செருப்படியில் ஒட்டிக்கொண்டிருந்தது. "இனிமே என் செருப்பையும் சேத்து எண்ணிக்கோங்கம்மா" என்றார் அவர். மறுநாள் முதல் எண்ணினீர்கள்.

ஆனால் அக்கா, புகழ்வதற்கு முன் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். உங்களுக்கு நாங்கள் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம்: 'இரட்டைக் கையுறை'. நாங்கள் ஒரு கையுறை அணியும் இடத்தில், நீங்கள் உள்ளே மெல்லிய பருத்திக் கையுறை ஒன்றையும் மாட்டிக்கொள்வீர்கள். பிரிவு விழாக்களில் எல்லோரும் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கண் கலங்கும்போது, நீங்கள் மட்டும் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பீர்கள். எங்கள் கைகளில் எந்நேரமும் அப்பியிருந்த கையுறைப் பொடியைப் பற்றி நாங்கள் யோசிக்கவே இல்லை. தலைக்கனம் என்றோம். அரங்கில் நுழைந்ததும் நீங்கள் தும்மினால் "ஏசி ஒத்துக்கல" என்றோம். நோயைக் கண்டுபிடிப்பதே பிழைப்பாகக் கொண்டவர்கள் இத்தனை பேர் சுற்றி நின்றும் இப்படி என்று நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

எட்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு காலை. முதுகெலும்புக் குறையோடு பிறந்த ஒன்பது வயதுச் சிறுமி, அதனால் வந்த சிறுநீர்ப்பைக் கோளாறுக்காகத் தன் ஏழாவது அறுவைக்கு வந்தாள். அரங்கில் எங்களைவிட அவளுக்கு அதிகாரம் அதிகம் என்பதால் 'மேனேஜரம்மா' என்றே அழைப்போம். "ஊசிய இடது கையில போடுங்க. வலது கையில நரம்பு கிடைக்காது. போன தடவையே சொன்னேன்ல?" என்பாள்.

அஞ்சும் குழந்தைக்குக் கையுறையை ஊதி முடிச்சுப் போட்டு, பேனாவால் கண்ணும் வாயும் வரைந்து கொடுப்பது எங்கள் அரங்கின் வழக்கம். ஐந்து விரலும் தலைமயிர் போல் விறைத்து நிற்கும். அன்றும் எங்களில் ஒருத்தி ஊதிக் கொடுத்தாள். மேனேஜரம்மா அதற்கு முத்தம் கொடுத்து விளையாடினாள், சற்று நேரத்தில் உதடு தடித்தது. "பலூன் வெச்சு விளையாடினா இப்படித்தாங்க தடிக்குது. வீட்லயும் பாத்திருக்கேன்" என்றார் தாய். "அழுதிருக்கா, அதான் வீங்கியிருக்கு. ஒண்ணுமில்லம்மா" என்றாள் ஊதிக் கொடுத்தவள். கோப்பில் ஒரு வரிகூட எழுதவில்லை. அந்த ஒருத்தி நான்தான். இம்மடலை எழுதி, இப்போது உங்கள் முன் வாசித்துக்கொண்டிருக்கிறேன்.

அறுவை தொடங்கி அரை மணி நேரத்தில் இரத்த அழுத்தம் சரிந்தது. மூச்சுக் குழல் இறுகியது. போர்வையை விலக்கினால் உடம்பெங்கும் தடிப்பு. மயக்க மருத்துவர் தான் கொடுத்த மருந்துகளை ஒவ்வொன்றாகச் சந்தேகப்பட்டு நிறுத்தினார். அட்ரினலின் செலுத்தினார். ஏறிய அழுத்தம் மறுபடியும் இறங்கியது. எந்த மருந்து, எந்த மருந்து என்று எல்லோரும் தவித்தபோது உங்கள் குரல் கேட்டது. "மருந்து இல்ல டாக்டர். நம்ம கையுறை. அதுல இருக்கிற லேடெக்ஸ், ரப்பர் பால், அவளுக்கு ஒத்துக்கல. எல்லாரும் கழட்டுங்க."

தலைமை அறுவை மருத்துவர் நிமிர்ந்தார். "வயித்தத் திறந்து வெச்சிருக்கேன், இப்பப் போய் கையுறைய கழட்டச் சொல்றீங்க. உங்களுக்கு எப்படிம்மா தெரியும்?"

நீங்கள் உங்கள் இரண்டு கையுறைகளையும் கழற்றிவிட்டுக் கைகளை விளக்கின் கீழ் நீட்டினீர்கள். விரலிடுக்கெல்லாம் வெடிப்பு, மணிக்கட்டு வரை சிவந்த தடிப்பு. "எனக்கு ஒன்பது வருஷமா இருக்கு. சில நாள் மூச்சும் முட்டும். யார்கிட்டயும் சொல்லல. சொன்னா என்னை இங்கேருந்து அனுப்பிடுவீங்க."

உங்கள் அலமாரியில், மாதிரிக்கு வந்த செயற்கை ரப்பர் கையுறைகள் நான்கு ஜோடி இருந்தன. மிகவும் முடியாத நாட்களுக்கென்று நீங்கள் ஒளித்துவைத்திருந்தவை. எல்லாம் உங்கள் அளவு என்பதால் தலைமை அறுவை மருத்துவர் விரல் பிதுங்க மாட்டிக்கொண்டார். உடம்பில் பட்டிருந்த ரப்பர் குழாய்களையும் எடுத்தோம். கால் மணி நேரத்தில் அழுத்தம் நிலைத்தது. மாலையில் மேனேஜரம்மா கண் திறந்து "என் பலூன் எங்க?" என்றாள். நீங்கள் ஒரு காகிதப் பையை ஊதி முகம் வரைந்து நீட்டினீர்கள். "மூக்கு கோணலா இருக்கு" என்று அவள் குறை சொன்ன பிறகுதான் தாய் அழுதார்.

நீங்கள் அஞ்சியதும் நடந்தது. மறுவாரமே உங்களைப் பதிவேட்டு அறைக்கு மாற்றும் கடிதம் வந்தது. உங்கள் நலனுக்காக என்று எழுதியிருந்தார்கள், அதில் பொய்யில்லை. அங்கே ஒவ்வொரு கோப்புக் கட்டுக்கும் ரப்பர் வளையம் போட்டிருக்கும் என்பதை மட்டும் யாரும் யோசிக்கவில்லை.

அந்த அறைக்கு வந்து நான் பலூன் விஷயத்தைச் சொல்லி அழுதேன். நீங்கள் தேற்றவில்லை. "நீ ஒரு தடவ ஊதின. நான் ஒன்பது வருஷம் வாயத் திறக்கல. நான் முன்னாடியே சொல்லியிருந்தா அந்தப் பொண்ணுக்கு இந்தப் பாடே வந்திருக்காது. அழுதது போதும், ஒரு பேப்பர் எடு" என்றீர்கள்.

அன்று நீங்கள் சொல்லச் சொல்ல எழுதியதுதான் இன்று எங்கள் சேர்க்கைப் படிவத்தில் இருக்கிறது. பலூன் ஊதினால் உதடு தடிக்குமா? ரப்பர் ஒத்துக்கொள்ளாத பலருக்கு ஒத்துக்கொள்ளாத வாழைப்பழம், கிவி தின்றால் நாக்கு அரிக்குமா? இதற்கு முன் எத்தனை அறுவை? ஆம் என்பவருக்கும் பல அறுவை கண்டவருக்கும் லேடெக்ஸ் இல்லாத பொருட்கள் மட்டும் அடுக்கிய தனி வண்டி. பொடியின் மேலேறி லேடெக்ஸ் காற்றில் மிதக்கும் என்பதால், காற்று தெளிந்திருக்கும் காலையில் முதல் அறுவை அவருக்கே. கடைசி வரியைப் பெரிய எழுத்தில் எழுதச் சொன்னீர்கள்: 'தாய் சொல்வதை முதலில் எழுது. உன் கருத்தைப் பிறகு சொல்.'

உங்களை வெளியே அனுப்புவதைவிட லேடெக்ஸை வெளியே அனுப்புவது எளிது என்று நிர்வாகத்துக்கும் எங்களுக்கும் உறைக்க ஏழு மாதம் பிடித்தது. பொடிக் கையுறைகள் கடைசிப் பெட்டி வரை போனபின், ஒரு காலை ஏழு மணிக்கு அந்தக் கதவு மறுபடியும் கிரீச்சிட்டது. அன்று நாங்கள் பட்ட மகிழ்ச்சியை எழுத எனக்குத் தெரியவில்லை.

கடமையில் கண்டிப்பும் கருணையில் கனிவும் கொண்டவரே! இம்மண்டபத்தில் ஒரு பலூன்கூட இல்லை, பாருங்கள். பூச்செண்டில் இருந்த ரப்பர் வளையத்தை அறுத்துவிட்டுப் பண்டகக் காப்பாளரே நூலால் கட்டினார். முன்வரிசையில் பதினேழு வயது மேனேஜரம்மா உட்கார்ந்திருக்கிறாள். இம்மடலைத் தான்தான் தருவேன், வேறு யாரும் சட்டத்தைத் தொடக் கூடாது என்பது அவள் உத்தரவு.

மூச்சு முட்டாத பகல்களும் அரிப்பில்லாத உறக்கமும் எதையும் எண்ண வேண்டாத காலைகளும் உங்களுக்கு நெடுங்காலம் வாய்க்கட்டும்!

பழக்கம் விடவில்லை, இப்போதும் கைகளைப் பின்னால்தான் கட்டியிருக்கிறீர்கள். இங்கே வருமுன் நாங்கள் எல்லோரும் வரிசையில் நின்று, அறுவைக்குப் போவது போல முழங்கை வரை கழுவிக்கொண்டு வந்திருக்கிறோம். ஒவ்வொருவராக மேடைக்கு வருகிறோம். கையைக் கொடுங்கள், அக்கா.

கழுவிய கைகளோடு,
அறுவை அரங்கின் செவிலியர், மருத்துவர், உதவியாளர், பண்டகக் காப்பாளர்