திரும்ப எடுத்த லாட்

டீயில் ஏலக்காய் கொஞ்சம் தூக்கலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் டீக்கு ஏலக்காய் போடுகிற வழக்கமே கிடையாது. விற்கிற சரக்கில் கை வைத்தால் அப்பா கையைத் தட்டிவிடுவார். போடிநாயக்கனூரில் பாதிப் பேர் ஏலக்காயை மூக்கால் மட்டும்தான் தின்கிறோம். விருந்தாளி வந்தால் இரண்டு காய் தட்டுவோம். நீங்கள் சென்னையிலிருந்து வந்திருக்கிறீர்கள், நாலாகப் போடச் சொன்னேன்.

உங்கள் கேள்வி எனக்குப் புரிந்துவிட்டது. பெண்கள் போலீசில் கொடுக்கிற மனுக்கள் ஒரு பக்கம், வழக்காகப் பதிவானவை இன்னொரு பக்கம். முதல் எண் பெரிது, இரண்டாவது சின்னது. நடுவில் இருந்தவர்கள் எங்கே போனார்கள் என்று எந்த அரசாங்கக் கணக்கிலும் இல்லை. கேட்டால் சமரசம் என்கிறார்கள். சமரசத்துக்குப் பிறகு அந்தப் பெண் என்ன ஆனாள் என்று யாரும் எழுதி வைப்பதில்லை. அதைத் தேடித்தான் ஊர் ஊராக அலைகிறீர்கள். ஸ்டேஷனில் ஏட்டம்மா சந்திரவல்லி, ஜக்கையன் அண்ணனைப் போய்க் கேளுங்கள் என்று சொல்லியிருக்கிறார். என் பெயரை அவர் மரியாதையாகச் சொல்லியிருக்க மாட்டார் என்பது எனக்குத் தெரியும்.

அவர்கள் எங்கேயும் போகவில்லை, அம்மா. வீட்டுக்குப் போனார்கள். அனுப்பிவைத்தது நான்.

என் மகள் பவித்ராவும் அவர்களில் ஒருத்தி. மற்றவர்களைப் பற்றிப் பொதுவாகத்தான் சொல்ல முடியும். இவளைப் பற்றி விவரமாகச் சொல்கிறேன்.

நான் ஏலக்காய்த் தரகன். விற்கிற தோட்டக்காரருக்கும் வாங்குகிற வியாபாரிக்கும் நடுவில் நின்று இருவரையும் கோபிக்க விடாமல் பார்த்துக்கொள்வது என் தொழில். இந்தத் திறமைக்கு ஊரில் வேறொரு உபயோகத்தையும் கண்டுபிடித்தார்கள். புருசன் பெண்டாட்டி சண்டை ஸ்டேஷன் வரை வந்தால், எழுதுகிற வேலை மிச்சம் என்று எனக்குப் போன் போடுவார்கள். நீங்கள் போய் வந்த அதே ஸ்டேஷன்தான். அதற்கு எதிரே ஒரு ஜெராக்ஸ் கடை இருக்கிறது. அதன் பெஞ்சுதான் என் இடம். இரண்டு தரப்பையும் உட்கார வைத்துப் பேசுவேன். முடிவில், பேசி முடித்துக்கொண்டோம், மேல்நடவடிக்கை தேவையில்லை என்று ஒரு தாள் டைப்பாகி வரும். கமிஷன் வாங்கியதில்லை. வாங்கியிருந்தால், அது வெறும் தொழில்தானே என்று இன்று மனதைத் தேற்றிக்கொண்டிருப்பேன்.

ஏலத்தில் எங்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. அதைச் சொன்னால்தான் மற்றது விளங்கும். தோட்டக்காரர் காயை லாட்டு லாட்டாக வைப்பார். வியாபாரிகள் விலை கேட்பார்கள். கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை என்றால் அவர் லாட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். அதில் வெட்கம் ஒன்றுமில்லை. நன்றாக உலர்ந்த காய் ஒரு வாரத்தில் கெட்டுப்போகாது. அடுத்த ஏலத்தில் அதே காயை வைக்கலாம். இவனுக்கு அவசரமில்லை என்று வாங்குகிறவனுக்கு ஒரு சின்னப் பயம் வரும், விலை ஏறும். என் வாழ்நாளில் நான் சம்பாதித்த நல்ல பெயரில் பாதி, எந்த லாட்டை எப்போது திரும்ப எடுக்க வேண்டும் என்று சொன்னதால் வந்தது. திரும்ப எடுத்த லாட் அன்றைய விற்பனைக் கணக்கில் வராது என்பதையும் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு அது பழகிய விஷயமாக இருக்கும்.

மனுவும் அப்படித்தான் என்று நினைத்தேன். கொடுக்க வேண்டும், திரும்ப எடுக்க வேண்டும். எடுத்த மனு நம் கையில் இருக்கும், எதிராளிக்குப் பயமும் இருக்கும். இதை நான் எத்தனையோ தகப்பன்களிடம் சொல்லியிருக்கிறேன். எல்லாரும் தலையாட்டினார்கள். எல்லாரும் காய்க்காரர்கள்.

மாரீஸ்வரனைப் பவித்ராவுக்குப் பார்த்தது நான்தான். குரங்கணிக்கு மேலே தோட்டம், சொந்தமாகக் காய் உலர்த்தும் ஸ்டோர். ஆள் குரல் உயர்த்தாமல் பேசுவார். கல்யாணம் முடிந்து தமிழினி பிறந்தாள். அந்தக் குழந்தை நடக்கத் தொடங்கிய பிறகு ஒரு நாள் காலை, பவித்ரா அவளை இடுப்பில் வைத்துக்கொண்டு எங்கள் வாசலில் வந்து நின்றாள். உதடு முழுக்க வெடித்திருந்தது. கையிலும் கழுத்திலும் தோல் காய்ந்து உரிந்திருந்தது. அவள் மேல் ஏலக்காய் வாசம் அடித்தது. குளித்த பிறகும் போகவில்லை.

என்ன என்று கேட்டபோது, ஸ்டோரில் வைத்துப் பூட்டினார் என்றாள். காய் உலர்த்துகிற அறை. உள்ளே அடுப்புச் சூடு ஓடிக்கொண்டிருந்தது. பச்சை நிறம் மாறாமல் காய் காய்வதற்கு எவ்வளவு சூடு வேண்டும் என்று எனக்குத் தெரியும். மனுசருக்கு எவ்வளவு தாங்கும் என்று தெரியாது. ஆக, கணக்குப் போட முடியவில்லை.

ஸ்டேஷனுக்கு நானே கூட்டிக்கொண்டு போனேன். அதை நீங்கள் குறித்துக்கொள்ள வேண்டும். சந்திரவல்லி அவள் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"அண்ணே, இது சண்டை இல்ல. ஆளை அடுப்புல வச்சிருக்கான். எஃப்.ஐ.ஆர். போட்டுருவோம்."

"மனுவ வாங்கிக்கிட்டு ரசீது மட்டும் குடுங்க ஏட்டம்மா. போதும்."

"ரசீது என்னண்ணே ரசீது. அது பஸ்சு டிக்கெட்டு மாதிரி. எறங்குனா தூரப் போட வேண்டியதுதான்."

பவித்ரா என் சட்டையைப் பிடித்து இழுத்தாள். "அப்பா, நான் திரும்பப் போகலப்பா."

"யாரு போகச் சொன்னா? மனு விழுந்துருச்சுன்னு அவுகளுக்குத் தெரியட்டும். எறங்கி வருவாக. நமக்கு வேணுங்கிறத வாங்கிக்கிட்டு மனுவத் திரும்ப எடுப்போம். மறுபடி வாலாட்டுனா மறுபடி குடுப்போம்."

"நான் என்ன எட்டு மில்லிக் காயாப்பா? இந்த வாரம் எடுத்துட்டு அடுத்த வாரம் வைக்க?"

எட்டு மில்லி என்றால் பருத்த, முதல் தரக் காய். வாயாடி. அது எங்கள் பக்கத்துச் சொத்து. நான் சிரித்தேன். சந்திரவல்லி சிரிக்கவில்லை.

மறுநாளே மாரீஸ்வரன் இறங்கி வந்தார். ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொன்றுக்கும் மல்லுக்கட்டினார். தனிச் சமையல் கேட்டேன், முடியாது என்றார், பிறகு ஒத்துக்கொண்டார். அவளுக்குத் தனியாக ஒரு செல்போன் கேட்டேன். முனகினார், கொடுத்தார். கடைசியாக ஸ்டோர் சாவி இனி அவள் இடுப்பில்தான் இருக்க வேண்டும் என்றேன். அதற்குத்தான் வெகுநேரம் ஆனது. டீ இரண்டு தடவை வந்தது. வாங்கிவிட்டேன்.

அந்தச் சாவி விஷயத்தில் என்னை ஒருவரும் குறை சொல்ல முடியாது. அதற்குப் பிறகு ஸ்டோரில் எதுவும் நடக்கவில்லை.

இரண்டாவது முறை அவள் தனியாக வந்தாள், சித்திரை மாதத்தில். தோட்டத்துக்கு ஆள் ஏற்றி வந்த ஜீப்பு வெறுமனே இறங்கும்போது அதில் ஏறி வந்துவிட்டாள். வீட்டுக்கு வரவில்லை, நேராக ஸ்டேஷனுக்குப் போயிருக்கிறாள். சந்திரவல்லி அன்று கோர்ட்டு சோலியாகத் தேனிக்குப் போயிருந்தார். ரைட்டர்தான் இருந்தார். போன தடவை நீங்களே சமாதானமாப் போயிட்டீங்களேம்மா, அப்பாவக் கூட்டிட்டு வாங்க, பேசிக்குவோம் என்று சொல்லி எனக்குப் போன் போட்டார். அப்போதுதான் முதல் முறையாக எனக்கு லேசாக ஒன்று தோன்றியது. திரும்ப எடுத்த மனு நம் கையில் இருக்காது. அது ஸ்டேஷன்காரர்கள் கையில் இருக்கும்.

தோன்றியது. ஆனால் அன்று மதியம் என் பொறுப்பில் ஒரு பெரிய லாட் ஏலத்துக்கு வரவிருந்தது. அதை நினைத்துக்கொண்டேதான் போனேன்.

அவள் ஜெராக்ஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்திருந்தாள். செருப்பு இல்லை.

"இந்தத் தடவை எழுதச் சொல்லுங்கப்பா. நீங்க ஒரு வார்த்தை சொன்னா எழுதிருவாங்க."

"என்ன நடந்துச்சு, அதச் சொல்லு."

"நேத்து குளத்துக்கிட்டக் கூட்டிட்டுப் போனாரு."

மேலே தோட்டங்களில் பெரிய குழி வெட்டி, பிளாஸ்டிக் படுதா விரித்து, மழைத் தண்ணீரைத் தேக்கி வைப்பார்கள். படுதாக்குளம் என்பார்கள், மலையாளத்துச் சொல். ஆழம் அதிகம். கரை நாலு பக்கமும் வழுவழுவென்று சரிவாக இருக்கும்.

"கூட்டிட்டுப் போயி?"

"பிள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு, 'பாத்தியா பாப்பா, இதுல வழுக்குனா யாராலயும் ஏற முடியாது'ன்னு சொல்றாரு. பிள்ளைகிட்டச் சொல்றாருப்பா."

"பிள்ளைக்குப் பயங்காட்டி வச்சாத்தான அந்தப் பக்கம் போகாது."

"பிள்ளைகிட்டச் சொல்றவரு எதுக்கு என் மூஞ்சியவே பாக்குறாரு?"

பேச்சு சிக்கிக்கொண்டால் தரகன் எழுந்து போன் பேசப் போவான். நானும் கடைக்குப் பின்னால் போய் ஒரு போன் பேசினேன். திரும்பி வந்து, மாப்பிள்ளையிடம் பேசிவிட்டேன், எல்லாம் சரியாகிவிட்டது என்றேன்.

"நான் போகலப்பா. ஏட்டம்மா வர்ற வரைக்கும் இங்கனயே உக்காந்துக்கிறேன். ஒங்க வீட்டுக்குக்கூட வரல. இந்தப் பெஞ்சு போதும்."

"தமிழினி எங்க?"

குழந்தை மேலே இருந்தது. தூக்கிக்கொண்டு வர முடிந்திருந்தால் வந்திருப்பாள்.

"நீ இங்க உக்காந்து எழுதிக்கிட்டிருந்தா, அங்க பிள்ளைய யாரு பாக்குறது?" என்று கேட்டேன். நியாயமான கேள்வி. அவள் முகம் அப்படியே அணைந்துபோனது. பேரத்தில் அந்த இடம் வந்ததும் நான் மேற்கொண்டு பேச மாட்டேன். எதிராளி தானே எழுந்துகொள்வார்.

எழுந்தாள். "அப்ப நீங்களும் வாங்கப்பா. இன்னைக்கு மட்டும் கூட இருங்க."

"மூணு மணிக்கு ஏலம் இருக்கு ஆத்தா. நாளைக்கு வெள்ளன வர்றேன். வெரசா போ, ஜீப்பு கிளம்பிரும்."

புதுச் செருப்பு வாங்கிப் போட்டு ஜீப்பில் ஏற்றிவிட்டேன். முன்சீட்டு.

மறுநாள் காலை நான் கிளம்புவதற்குள் செய்தி வந்துவிட்டது. படுதாவில் ஒரு பக்கம் முழுக்க நகக் கீறல் இருந்ததாகப் பவித்ராவைத் தூக்கியவர்கள் சொன்னார்கள். தண்ணீர் மோட்டாரைப் பார்க்கப் போய்த் தவறி விழுந்துவிட்டாள் என்றார் மாரீஸ்வரன், குரல் உயர்த்தாமல்.

கல்யாணமாகி ஏழு வருசத்துக்குள் என்பதால் கோட்டாட்சியர் விசாரணை நடந்தது. சந்திரவல்லி யூனிபார்ம் போடாமல் வீட்டுக்கு வந்து என் காலடியில் உட்கார்ந்தார். "அண்ணே, இப்பவாச்சும் வாயத் தொறங்க. அன்னைக்கு வந்துட்டுத் திரும்பிப் போனதுக்கு எங்ககிட்ட ஒரு துண்டுத் தாள் கிடையாது. நீங்க சொன்னாத்தான் உண்டு." என் மனைவி பொற்கொடி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் விசாரணையில், மகள் சாவில் எனக்கு யார் மீதும் சந்தேகம் இல்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

ஆக, உங்கள் கணக்கில் அவள் எங்கே இருக்கிறாள் என்று பார்க்கலாம். முதல் மனு ரசீதோடு முடிந்தது, அது வழக்கில்லை. இரண்டாவது எழுதப்படவே இல்லை. அவள் சாவு விபத்துகளின் பக்கத்தில் இருக்கும். கொடுமை என்கிற இடத்தில் எங்கே தேடினாலும் அவள் பெயர் கிடைக்காது. நீங்கள் தேடுகிற ஓட்டை எப்படி விழுகிறது என்று கேட்டீர்கள். இப்படித்தான், ஒவ்வொரு தடவையும் ஒரு நியாயமான காரணத்தோடு விழுகிறது.

அந்தப் போனைப் பற்றிச் சொல்லாமல் விட்டுவிட்டேன். நீங்களும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

"மாப்ளே, பிள்ள ஸ்டேசன்ல வந்து உக்காந்திருக்கா. சாயங்காலம் ஏட்டம்மா வந்துரும். வந்துருச்சுன்னா அப்புறம் என் கையில இல்ல." இதுதான் நான் பேசியது. விலை ஏற்றுகிற பேச்சு, வேறொன்றுமில்லை. போன தடவை போல மல்லுக்கட்டுவார், குளத்தைச் சுற்றி ஒரு வேலியாவது வாங்கிவிடலாம் என்று இருந்தேன்.

அவர், "அனுப்பி வைங்க மாமா. இனிமே அவ ஸ்டேசனுக்கு வர்ற சோலியே இருக்காது" என்றார்.

என்ன வேண்டும் என்று கேட்கவில்லை. வாங்கப்போகிறவன் விலை கேட்பான், அம்மா. கேட்காதவன் வேறு முடிவு எடுத்துவிட்டான் என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து இந்தக் குரல்களுக்கு நடுவில்தான் இருக்கிறேன். எனக்கு அது கேட்டது, தெளிவாகவே கேட்டது. கேட்ட பிறகுதான் அவளை ஜீப்பில் ஏற்றினேன். என் பேச்சை நம்பி எத்தனையோ பேர் பெற்ற பிள்ளைகளைத் திரும்ப அனுப்பியிருக்கிறார்கள். என் பிள்ளை மட்டும் பெஞ்சில் உட்கார்ந்து எழுதினால், அவர்களையெல்லாம் நான் எங்கே அனுப்பினேன் என்று நான் யோசிக்க வேண்டியிருக்கும். அதைத் தாங்குகிற தெம்பு அன்று எனக்கு இல்லை.

சந்தேகம் இல்லை என்று எழுதியது பொய்யில்லை. தெரியாதவனுக்குத்தானே சந்தேகம்.

பொற்கொடி என்னோடு அதிகம் பேசுவதில்லை. நான் வெளியே போய்விட்டு வந்தால் மட்டும், "இன்னைக்கு யாரு வீட்டுப் பிள்ளைய அனுப்பிட்டு வாறீக?" என்று கேட்பாள். அவளுக்கு விவரம் போதாது. தமிழினி இன்னும் மேலேதான் இருக்கிறாள். நான் ஸ்டேஷனில் வாயைத் திறந்தால் பேத்தியின் முகத்தைக்கூடப் பார்க்க முடியாது. அதனால் மாப்பிள்ளையோடு பேரம் பேசிக்கொண்டிருக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை மட்டும் அனுப்புகிறேன் என்கிறார் மாரீஸ்வரன். நான் சனிக்கிழமையும் கேட்டிருக்கிறேன், கூடவே குளத்துக்கு வேலியும். இரண்டுக்கும் சேர்த்து இறங்கி வர மாட்டேன் என்கிறார். வேலியை விட்டுக்கொடுத்தால் சனிக்கிழமை படிந்துவிடும்.