சிரிப்பு போடாத இடம்

– கழுத்தைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்ங்க. இப்படி விறைச்சுக்கிட்டு உட்கார்ந்தா தைலம் எங்க இறங்கும்?

– போதும், விடு. உன் கைதான் எரியப்போகுது.

– பஸ் ஓட்டுற மனுஷன், மூணு மாசமா கழுத்தைத் திருப்ப முடியலைங்கிறீங்க. டாக்டர்கிட்ட போங்கன்னா அதுக்கும் மாட்டேங்கிறீங்க.

– டிரைவர் சீட்டு அப்படி. எல்லாருக்கும் வர்றதுதான்.

– ஆமான்னாலும் தலையாட்ட மாட்டேங்கிறீங்க, இல்லைன்னாலும் ஆட்ட மாட்டேங்கிறீங்க. பொம்மையைக் கட்டிக்கிட்ட மாதிரி இருக்கு எனக்கு.

– வலிக்குதுன்னேனே...

– சரி சரி. டீவியைப் போடுங்க. ஆரம்பிச்சிருக்கும்.

– எனக்கு யூனிஃபார்ம் தேய்க்கணும்.

– தேய்ச்சாச்சு. கதவுல தொங்குது பாருங்க.

– ஷூவுக்குப் பாலிஷ்...

– உட்காருங்க. எனக்கு இந்த வேலை கெடைச்சப்போ எப்படி இருந்தீங்க? டெப்போ பூரா தம்பட்டம். "டீவியில சனங்க சிரிக்கிறாங்கல்ல, அந்தச் சிரிப்பெல்லாம் எங்க வீட்டம்மா போடறது"ன்னு ஆளாளுக்குச் சொல்லிப் பாக்க வெச்சீங்க. இப்ப என் நிகழ்ச்சி வந்தாலே எழுந்து ஓடுறீங்க.

– சொன்னேன்தான். அதுல என்ன தப்பு? இந்த வெள்ளைக்காரன் ஊர்ல நம்மாளு மூட்டை தூக்குறான், பஸ் ஓட்டுறான், கடை வெச்சிருக்கான். டீவி ஆபீஸ்ல சத்தம் கோக்கிற நாற்காலியில யாரு உட்கார்ந்திருக்கா? நீ ஒருத்திதான்.

– அப்ப உட்காருங்க.

– ...உட்கார்ந்தாச்சு.

– இப்ப சிரிச்சது யாரு, சொல்லுங்க.

– குக்கர் அக்கா. விசில் அடிச்ச மாதிரி ஏறுச்சே.

– அதுக்கு அப்புறம்?

– தும்மல் மாமா. சிரிச்சு முடிக்கிறப்போ ஒரு தும்மல் போடுவாரே. எங்கதான் புடிச்ச இவரை?

– ஆபீஸ்ல இருக்கிற பழைய டேப்புல. ரெண்டு பேரும் எப்பவோ ஏதோ நாடகம் பாக்க வந்தவங்க. எதுக்கோ சிரிச்சிருக்காங்க. அதை வெட்டி எடுத்து நான் எதெதுக்கோ போடறேன்.

– பாவம்.

– பாவம்தான். அவங்களைக் கேட்டா போடறேன்?

– ...டீவியில அந்தக் கடைக்காரன் வந்துட்டான். தண்ணி குடிச்சுட்டு வரேன்.

– தண்ணி இங்கேயே இருக்கு.

– ஜில்லுனு வேணும் எனக்கு.

– இந்தாளை உங்களுக்குப் பிடிக்கலையா?

– சேச்சே. காமெடிதானே. நம்மாளு மாதிரியே நடிக்கிறான்.

– நம்மாளு மாதிரியா? மூஞ்சி பூரா பழுப்புச் சாயம். நம்ம பேச்சுல ஒரு வார்த்தை தெரியாது, நாக்கைச் சுழட்டி என்னமோ உளறுறான். எங்கப்பாவும்தான் கடை வெச்சிருந்தாரு. இப்படியா நெளிஞ்சாரு? அவர் கல்லாவுல உட்கார்ந்தா கடன் கேக்க வந்தவனுக்கே தொண்டை கட்டிக்கும்.

– மாமா வேற ரகம். விடு. ஊரே சிரிக்குது, நமக்கென்ன?

– ஊர் எங்கங்க சிரிக்குது? சிரிப்பு நான்தானே போடறேன்.

– சரி, நீதான் போடற.

– வாராவாரம் இதே கூத்து. சாமான் இருக்கான்னு கேட்டா அவன் தலையாட்டுவான். வாங்க வந்தவ, "ஆமாவா இல்லையா, கழுத்துல ஸ்பிரிங் கழண்டுபோச்சா"ம்பா. அந்த இடத்துல குக்கர் அக்காவை முழுசாத் திறந்து விடணும். அதுக்கு மேல தும்மல் மாமா. அதுக்கு மேல கைதட்டல். நானும் போட்டுக்கிட்டேதான் இருந்தேன்.

– வேலைன்னா போடத்தானே வேணும். உன்னை யாரு என்ன சொன்னா?

– யாரும் சொல்லல. அதான்... இருங்க, இப்ப வரும்.

– நான் அந்தப் பாலிஷை...

– கையைக் குடுங்க. எழுந்திருக்கக் கூடாது.

– ...ஆட்டுறான்.

– ம்.

– கேட்டுட்டா. ஸ்பிரிங்...

– ம்.

– ...

– ...

– என்னடி, சத்தத்தைக் காணோம்? டீவி போயிடுச்சா?

– டீவி நல்லாத்தான் இருக்கு.

– அவ சிரிப்பு வரும்னு காத்துக்கிட்டு நிக்கிறா. அவன் இன்னும் ஆட்டிக்கிட்டே இருக்கான்... பாக்கவே கூச்சமா இருக்கு. திருதிருன்னு முழிக்கிறாங்க ரெண்டு பேரும்.

– சிரிப்பை எடுத்துட்டா அவ்வளவுதாங்க அந்த ஜோக்கு.

– நீ... போட மறந்துட்டியா?

– நானா? மறக்கறதா?

– உங்க டைரக்டர் பாக்கலையா?

– பாத்தாரு. "இங்க ஓட்டையா இருக்கே, நிரப்பு"ன்னாரு. இந்த வரிக்குப் போட என்கிட்ட சிரிப்பு இல்லை சார்னேன். "அத்தனை டேப்பு இருக்கே"ன்னாரு. அதுல இருக்கிறவங்க யாரும் இதுக்குச் சிரிக்கல சார், வேணும்னா நீங்க சிரிங்க, பதிஞ்சு போட்டுடறேன்னு மைக்கை அவர் முன்னால தள்ளி வெச்சேன்.

– அடிப்பாவி. சிரிச்சாரா?

– சிரிச்சுப் பாத்தாரு. முதல்ல இருமல் மாதிரி வந்துச்சு. இன்னொரு தடவை முக்கிப் பாத்தாரு. அவர் சத்தத்தை அவருக்கே ஹெட்ஃபோன்ல போட்டுக் காட்டினேன். கழட்டி மேஜையில வெச்சுட்டு எழுந்துட்டாரு. ஒளிபரப்புக்கு அனுப்பற நேரமும் நெருங்கிடுச்சு. "அப்படியே போகட்டும், திங்கக்கிழமை மேல வந்து பாரு"ன்னுட்டுப் போனாரு.

– மேலன்னா... சீட்டைக் கிழிக்கவா?

– இருக்கலாம்.

– இருக்கலாமாம். எவ்வளவு சாதாரணமா சொல்றா பாரு. அந்த நாற்காலிக்காக எத்தனை படி ஏறி இறங்கின... மூணு தடவை திருப்பி அனுப்பினாங்க உன்னை. யோசிச்சுத்தான் செஞ்சியா?

– யோசிச்சேன்.

– இது தேவையா உனக்கு?

– கோவமா?

– கோவமா... அப்படித்தான் இருக்கணும், வரமாட்டேங்குது. நாளைக்கு டெப்போல...

– டெப்போல?

– ஒண்ணுமில்ல.

– சொல்லுங்க.

– பெருமையா இருக்குடி. வேலை கெடைச்சப்போ இருந்ததைவிட இப்ப பெருமையா இருக்கு. நாளைக்கு நிமிர்ந்து நின்னு சொல்லுவேன், அந்தச் சிரிப்பை நிறுத்தினவ என் பொண்டாட்டின்னு. வேலை போனாலும் சொல்லுவேன்.

– ...இப்ப தலையாட்டினீங்க.

– ஆட்டினேனா?

– நல்லா ஆட்டினீங்க. ரெண்டு பக்கமும். வலிக்கல?

– ...தைலம் வேலை செய்யுது போல.

– ம். தைலம்.

– ஏய், ஒண்ணு கேக்கறேன். இத்தனை நாள் போட்டவ இந்த வாரம் மட்டும் ஏன் நிறுத்தின?

– போன வாரம் டிபன் டப்பாவை மறந்துட்டுப் போனீங்கல்ல?

– ஆமா. டெப்போ கேட்டுல வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு அப்படியே போயிட்ட. உள்ள வந்து ரெண்டு வார்த்தை பேசிட்டுப் போயிருக்கலாம்.

– வந்தேங்க. சாப்பிடற ரூம் கதவு வரைக்கும் வந்தேன்.

– அங்க வரைக்குமா?

– "ஸ்பிரிங் வந்துட்டான்"னு ஒருத்தன் தலையாட்டினான். மேஜையில இருந்த எல்லாரும் ஆட்டினாங்க. உங்களையும் ஆட்டச் சொன்னாங்க. நீங்க ஆட்டல. சிரிச்சீங்க. அப்புறம்தான் டப்பாவைக் கேட்டுல குடுத்துட்டுப் போனேன்.

– அது... கூட வேலை செய்யறவங்கடி. சும்மா விளையாட்டுக்கு. நானும் சேர்ந்து நல்லாத்தானே சிரிச்சேன், பாத்தல்ல?

– பாத்தேன், கேட்டேன். எனக்கு வேலையே அதுதானேங்க. அந்த ரூம்ல அத்தனை பேர் சிரிச்சதுல ஒண்ணே ஒண்ணுதான் போட்ட சிரிப்பு.