அட்டைப்படத்துக்கு மர்ஜியா போட்ட நிபந்தனை

"ஹலோ... ஆமாங்க, மர்ஜியாதான் பேசறேன், லப்பைக்குடிக்காடு... ஆமா, ஆமா, நீங்க அனுப்பினது வந்துச்சு. அதுக்குத்தான் காலைலேர்ந்து உங்களுக்கு அடிச்சுக்கிட்டு இருக்கேன் சார்."

கடைத்தெருவில் தன் ஜவுளிக்கடையில் நின்று, செட்டிகுளத்திலிருந்து வந்திருந்த சம்பூர்ணத்துக்கு ரவிக்கைத் துணி அளந்துகொண்டிருந்தவள் அளவுகோலைக் கீழே வைத்தாள். மறுமுனையில் இருப்பது தமிழழகன், ஒரு பெரிய வெளிநாட்டு வங்கியின் சென்னை அலுவலகத்தில் விளம்பரப் பிரிவு அதிகாரி. வங்கி தன் வரலாற்றைப் புத்தகமாகப் போடுகிறது. அரியலூரில் புதுக் கிளை திறக்கும் அன்று வெளியீடு. தமிழ்ப் பதிப்பின் அட்டையில் மர்ஜியாவின் முகம்.

"இல்ல சார், படம் நல்லாத்தான் இருக்கு. முக்காடெல்லாம் சரியா வந்திருக்கு... படத்துல குத்தமில்ல. அதுக்குக் கீழ எழுதியிருக்கீங்களே, அதுதான்."

கைபேசிக்கு வந்த பக்கங்களை முந்தின நாள் மகள் ருமைசா வாசித்துக் காட்டியிருந்தாள். ஏதோ ஒரு துறைமுகத்தில், கப்பல் வியாபாரிகளின் பணத்தைக் காக்க ஒற்றை அறையில் தொடங்கிய வங்கி அது. தேயிலையும் ரப்பரும் போன கடல்வழியெல்லாம் கிளை பரப்பியது. போர் வந்தபோது பாதி ஊர்களில் கதவடைத்தது. பெட்ரோல் கண்ட பாலைவனத்தில் மறுபடி கதவைத் திறந்தது. சின்ன வங்கிகளை விழுங்கி விழுங்கித் திருச்சி வரை வந்தது. இப்போது சிமெண்ட் ஆலைகளைப் பார்த்து அரியலூருக்கு வருகிறது. கடைசி அத்தியாயத்தில் ஷார்ஜாவில் வேலை பார்க்கும் அப்துல் சலாமும், அவர் அனுப்புவதைத் திருச்சிக் கிளையில் போய் எடுக்கும் மனைவி மர்ஜியாவும் இருந்தார்கள். அதுவரை ஆசையாகத்தான் கேட்டாள். அட்டைக்கு வந்ததும் ருமைசாவின் குரல் இறங்கிவிட்டது. படத்தின் கீழே கொட்டை எழுத்தில் 'வட்டி வளர்த்த குடும்பம்' என்றிருந்தது.

"எங்க குடும்பத்த வளர்த்தது அவங்க சம்பளம் சார். வெயில்ல நின்னு சம்பாதிச்சது... ஆமா, கணக்குல வட்டி ஏறுது. நீங்களா போடறீங்க... எடுப்போம், எடுக்காம என்ன. ஆனா தின்னதில்ல. அந்தக் காசுல ஒரு டீ வாங்கினதில்ல. எங்களுக்கு அது ஹராம், மார்க்கத்துல கூடாதது."

மறுமுனை நீளமாகப் பேசியது. மர்ஜியா ம், ம் என்று கேட்டுக்கொண்டே சம்பூர்ணத்தின் பக்கம் நாற்காலியைத் தள்ளிவிட்டாள். இந்த ஊரில் வட்டிக் காசை வீட்டுச் செலவில் சேர்க்காதீர்கள், ஊர்ப் பொதுவுக்குக் கொடுத்துவிடுங்கள் என்று பெண்களிடம் வாசல் வாசலாகப் போய்ச் சொன்னவள் அவள்தான். அந்த அட்டை வெளியீட்டன்று அரியலூரில் பேனராக நின்றால் அத்தனை பேரும் பார்ப்பார்கள். நம்மைக் கொடுக்கச் சொல்லிவிட்டு இவள் தின்றிருக்கிறாள் என்று நினைப்பார்கள்.

"யாரு, எங்க வூட்டுக்காரவங்களா? ஷார்ஜாவுல போயி கையெழுத்து வாங்கினீங்களா... சரி. அது அவங்க முகத்துக்குப் போட்ட கையெழுத்து. அட்டையில இருக்கறது என் முகம்... கூப்பிடுங்க, தாராளமா கூப்பிட்டுக் கேளுங்க. 'மர்ஜியாகிட்ட பேசிக்குங்க'ன்னுதான் சொல்லுவாங்க."

சம்பூர்ணம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"அச்சாயிடுச்சா... எல்லாமா? அப்ப அட்டைய மட்டும் கிழிச்சுட்டு வேற ஒட்டுங்க. இத்தன தேசத்துல கிளை வெச்சிருக்கீங்க, ஒரு அட்டை போட முடியாதா... மெரட்டாதீங்க தம்பி. கேஸு போடறதா இருந்தா போடுங்க. பெரம்பலூர் கோர்ட்டு எங்களுக்குப் பக்கந்தான், நீங்கதான் மெட்ராஸ்லேர்ந்து வரணும்."

'சார்' போய் 'தம்பி' வந்ததை அவளே கவனிக்கவில்லை. மறுமுனையில் குரல் தணிந்திருக்க வேண்டும், இவளும் தணிந்தாள்.

"அப்பிடிக் கேளுங்க. அந்த வட்டிய என்ன செஞ்சோம்னா... கக்கூஸ் கட்டுனோம்."

மர்ஜியா கைபேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள்.

"ஹலோ... ஹலோ, இருக்கீங்களா... ஆமா, கக்கூஸ்தான். பஸ் நிக்கிற எடத்துல, பொம்பளைங்களுக்கு. ஓதிக்குடுக்கற ஹஜ்ரத்துகிட்ட கேட்டோம். பள்ளிவாசலுக்கு இந்தக் காசு ஆகாது, ஒங்க சோத்துக்கும் ஆகாது, நன்மை எதையும் எதிர்பாக்காம ஊருக்கு இப்பிடி ஒண்ணச் செஞ்சு கழிச்சுடுங்கன்னாங்க. ஊரு வட்டியெல்லாம் சேந்துதான் கட்டுனது. துணி எடுக்க வர்றவங்க முன்னெல்லாம் தண்ணிகூட குடிக்காம வருவாங்க. இந்தா, செட்டிகுளத்து அக்கா எதுக்க உக்காந்திருக்காங்க, கேக்கறீங்களா?"

சம்பூர்ணம் வேண்டாம் என்று பதறிக் கையை ஆட்டினாள்.

"அத எழுதுங்க. அதுக்கு முன்னாடி நின்னு படம் எடுத்துக்கறேன், அட்டையில போட்டுக்குங்க... கௌரவமா? அதுல என்ன கௌரவக் கொறச்சல்? கப்பல்காரங்ககிட்ட ஆரம்பிச்ச பேங்க்குங்கறீங்க. கப்பல்ல மட்டும் அது இல்லாமயா இருந்திருக்கும்... சிரிக்காதீங்க, நெசமாத்தான் சொல்றேன்... வேணாம், சமூகப் பணின்னு பூசி மொழுகாதீங்க. கக்கூஸ்னே போடுங்க."

மறுமுனை மறுபடியும் இழுத்தது. மர்ஜியா அளவுகோலைக் கையில் எடுத்தாள்.

"மேலிடத்துல கேக்கணுமா... கேளுங்க, நல்லாக் கேளுங்க. அது வரைக்கும் அட்டை வெளிய போகக் கூடாது... கோவமெல்லாம் இல்ல தம்பி. கக்கூஸ் புக்குல வந்தா நானும் வரேன். அது வேணாம்னா நானும் வேணாம். வெச்சுடறேன், கடையில ஆளு காத்துக்கிட்டு இருக்கு."

பதில் வருவதற்குள் வைத்துவிட்டாள்.