கருமாதி செய்யாத வீடு

இரவு எட்டு மணி தாண்டியிருக்கும். அடிவாரத்து முந்தலிலிருந்து மலைக்கு ஏறுகிற ஒற்றையடிப் பாதை. கார்த்திகை மாதத்துத் தூறல்... தோளில் ஒரு தகரப் பெட்டியோடு பட்டாளத்துக்காரர் ஒருவர் தனியே ஏறிக்கொண்டிருந்தார்.

நெருங்கி உட்காருங்கள், நான் கத்திச் சொல்லப் போவதில்லை. அவர் பெயர் பால்பாண்டி. நம் சீனிச்சாமிக்குத் தாய்மாமன். வருஷம் ஐம்பத்தேழு. இதை அவர் ஒரே ஒரு முறைதான் சொன்னார், அதுவும் சீனிச்சாமியிடம். அன்று எப்படி இறங்கி வந்தார் என்பதை மட்டும் கடைசிவரை சொல்லவில்லை. சீனிச்சாமி புளுகுவான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இதைச் சொல்லி முடிக்கும்வரை அவன் வாசலுக்கு முதுகு காட்டி உட்காரவில்லை, நானே பார்த்தேன்.

பெட்டி பால்பாண்டியுடையது இல்லை. கூட இருந்த சுடலை என்ற சிப்பாயுடையது. சுடலைக்கு இருபது வயசு, இந்தச் சரிவில் பிறந்தவன். சோளக்காட்டுப் பரணில் படுத்து, தகரம் தட்டி யானை விரட்டி வளர்ந்தவன். மதுரையில் ஆளெடுத்தபோது நெஞ்சளவு ஒரு விரற்கடை குறைந்தது. மூச்சை இழுத்துப் பிடித்துத் தேறிவிட்டான். பூட்ஸ் கடித்துப் புண்ணான காலோடு எல்லாருக்கும் முன்னால் ஓடுவான். காட்டுச் சத்தம் அவனுக்கு அத்துப்படி என்பதால், அவன் காவல் நின்றால் மற்றவர்கள் நிம்மதியாகத் தூங்குவார்கள். நாகா மலையில், புரட்டாசி அமாவாசை இரவில், குண்டு பட்டு இறந்தான். உடம்பை அங்கேயே எரித்துவிட்டார்கள்.

எப்படி இறந்தான் என்பதுதான் பால்பாண்டியின் நெஞ்சை அறுத்தது. அதைப் பெற்றவளிடம் சொல்வதா வேண்டாமா... வழி நெடுக அதே யோசனை.

முந்தல் வரை ஜீப்பில் கொண்டுவந்து விட்ட முகைதீன் பிச்சை தடுத்துப் பார்த்தார்.

"காலைல போங்கண்ணே. அந்தம்மா வேலுத்தாய் இன்னும் மகனுக்குக் கருமாதி செய்யல. ஊர்ல கேட்டதுக்கு, இருக்கறவனுக்கு எதுக்குன்னுச்சாம்."

"பெத்த வயிறு, அப்படித்தான் பேசும். சோலிய முடிச்சுட்டு வெரசா வந்துர்றேன்" என்றார் பால்பாண்டி.

ஏறினார். ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோரின் புகை வாடை கொஞ்ச தூரம் கூடவே வந்தது... பிறகு அதுவும் இல்லை. கீழே ஓடைச் சத்தம். சில்வண்டு. வீடு கண்ணில் பட்டபோது சில்வண்டும் ஓய்ந்துவிட்டது.

வாசலில் அரிக்கேன் விளக்கு. நிலைப்படியில் வேலுத்தாய் உட்கார்ந்திருந்தாள். பெட்டியைக் கட்டிக்கொண்டு அழுவாள் என்று மனசைத் திடப்படுத்திக்கொண்டு வந்தார் பால்பாண்டி. அவள் அதை வாங்கி ஓரமாக வைத்தாள். திறந்துகூடப் பார்க்கவில்லை.

"எம்மகன் எப்படி அப்பு விழுந்தான்?"

"சண்டைல ஆத்தா. முன்னால நின்னான். நெஞ்சுல குண்டு. வலி தெரிஞ்சிருக்காது."

பாதி பொய். சுடலை இறந்த அன்றிரவு அவனும் பால்பாண்டியும் ஒரே குழியில் காவல். மூன்று நாளாகச் சுட்டுக்கொண்டிருந்த எதிராளிகள் அன்று அடங்கிக் கிடந்தார்கள். நடுச்சாமத்தில் எதிர்ச்சரிவிலிருந்து ஒரு பெண் குரல். "சுடலை... கஞ்சி ஆறுது, வா அப்பு..." தமிழ் பேசும் பெண் ஒருத்திகூட இல்லாத காடு அது. பால்பாண்டியும் கேட்டார். மூன்றாம் தரம் கூப்பிட்டபோது சுடலை துப்பாக்கியைக் கீழே வைத்தான். அவன் பெல்ட்டை இவர் எட்டிப் பிடிப்பதற்குள் குழியை விட்டு எழுந்து நடந்தான்... ஒரே வெடி.

அந்தக் குரல்தான் இப்போது நிலைப்படியிலிருந்து பேசியது.

"குறி சொல்ற கோடாங்கி சொன்னான். அமாவாசை ராத்திரி கஞ்சி வச்சு, வடக்க பாத்து மூணு தரம் பேரச் சொல்லு, எங்க இருந்தாலும் மகன் வந்துருவான்னு. புரட்டாசிக்குக் கூப்பிட்டேன்."

பால்பாண்டிக்கு அவள்மேல் இரக்கம் பொங்கியது. மகனைக் குழியிலிருந்து எழுப்பியது தன் வாய்தான் என்று தெரிந்தால் எந்தத் தாய் பிழைப்பாள்? சொன்ன பொய் பொய்யாகவே இருக்கட்டும் என்று கிளம்பப் பார்த்தார்.

அப்போதுதான் அந்த வாடை. துப்பாக்கிக்குப் போடும் எண்ணெய்... நனைந்த கம்பளி... பெட்டியிலிருந்து வருகிறது என்று நினைத்தார். பெட்டி அவருக்குப் பின்னால் இருந்தது. வாடை வீட்டுக்குள்ளிருந்து வந்தது.

"எதுக்கு அப்பு மறைக்கிற?" என்றாள் வேலுத்தாய், சோறு வேண்டுமா என்று கேட்கிற மாதிரி. "ஆத்தா கூப்பிட்டா, துப்பாக்கிய வச்சுட்டு எந்திரிச்சேன்னு அவனே சொன்னான். அன்னைக்கு விடியறதுக்குள்ள வந்துட்டான். நெஞ்சுலதான் ஈரம் காயவே மாட்டேங்குது."

பால்பாண்டி ஓரடி பின்வாங்கினார். பெட்டி காலில் இடித்தது.

"பகல்ல தூங்கிருவான். ராத்திரியானா, ஒத்தையில காவல் நிக்க முடியல ஆத்தான்னு ஒரே அழுகை. நானும் எத்தனை நாளைக்குக் கேட்டுக்கிட்டு இருப்பேன்? கூட யாரு வேணும்னு கேட்டேன். பேரச் சொன்னான்."

விளக்குத் திரியை ஏற்றினாள்.

"போன அமாவாசைக்கு உன்னையக் கூப்பிட்டேன்."

அதற்கு மறுநாள்தான் பால்பாண்டி லீவு கேட்டிருந்தார். ஏன் கேட்கத் தோன்றியது என்று அவருக்கே தெரியாது.

உள்ளே, இருட்டில், கயிற்றுக் கட்டில் முனகியது. யாரோ புரண்டு, சுவரோரமாக ஒதுங்கிப் படுக்கிற சத்தம்...

"போ அப்பு" என்றாள் வேலுத்தாய். "இடம் விட்டுட்டான்."